தேதி போட்ட பேட்டரி

எனக்குக் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழுக்கக் கேட்டுவிட்டு, ‘நீங்க கொஞ்சம் பொறுமையா இருந்திருக்கலாமே’ என்று யாரும் என்னிடம் வந்து உபதேசம் பண்ண வேண்டாம். எங்கள் வீட்டுக்கென்று ஒதுக்கிய பொறுமை முழுவதையும் என் தம்பியே வாரி எடுத்துக்கொண்டான். எனக்கு ஒரு துளி மிச்சம் வைக்கவில்லை.

தெருவில் எல்லோரும் அவனை ‘நிதானம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைத்தவளும் நான்தான். ‘வீடு பத்திக்கிட்டு எரிஞ்சாலும் இவன் செருப்பைத் தேடிப் போட்டுக்கிட்டுதான் வெளிய வருவான்’ என்று ஒருநாள் எரிச்சலில் கத்தினேன். அது எதிர்வீட்டுக்குக் கேட்டு, அங்கிருந்து கடைவீதி வரைக்கும் போய், அப்படியே ஒட்டிக்கொண்டது. ‘நிதானம் இருக்காரா?’ என்று வாசலில் வந்து நிற்கிற பாதிப் பேருக்கு அவனுடைய நிஜப் பெயர் தெரியாது. அவனுக்கு அதில் வருத்தமும் கிடையாது. அவனுக்கு எதில்தான் வருத்தம் வந்தது?

நாற்பத்தொரு வயது. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டான். பழைய கம்ப்யூட்டர்களைப் பிழைக்க வைப்பது அவன் தொழில். மற்ற மெக்கானிக்குகள் மூடியைக் கழற்றியதும் நாலு சாமானை ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு ‘ஓடுது பாருங்க’ என்பார்கள். இவன் அப்படிச் செய்ய மாட்டான். ஒன்றை மாற்றுவான், ஓட்டிப் பார்ப்பான், சின்ன நோட்டில் தேதி போட்டு எழுதுவான், பிறகு அடுத்ததைத் தொடுவான். “ரெண்டை ஒண்ணா மாத்தினா எதனால சரியாச்சுன்னு தெரியாதுக்கா” என்பான். தெரிந்து என்ன ஆகப்போகிறது, ஓடினால் போதாதா என்று நான் கேட்பேன். சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பதினோரு வருஷம் ஒரு சர்வீஸ் கம்பெனியில் இருந்தான். ஒருநாள் ஒரு வாடிக்கையாளரின் ஹார்ட் டிஸ்க் அழிந்துபோனது. இரண்டு டிஸ்க்குகள் மேஜையில் இருந்தன. ஒன்றை அழிக்க வேண்டும், இன்னொன்றை விரலால்கூடத் தொடக்கூடாது. லேபிளை மாற்றி ஒட்டியவன் அவனுடைய சூப்பர்வைசர். லேபிளைப் பார்த்து அழித்தவன் இவன். முதலாளி எல்லோரையும் நிற்கவைத்து யார் செய்தது என்று கேட்டபோது இந்தக் கல்லுளிமங்கன் முன்னால் வந்து, “நான்தான் சார் அழிச்சேன்” என்றிருக்கிறான். லேபிளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தச் சூப்பர்வைசர் பக்கத்திலேயே குத்துக்கல் மாதிரி நின்றுகொண்டிருந்தானாம்.

“ஏண்டா, உனக்குச் சூடு சொரணையே கிடையாதா? அவன் சட்டையைப் பிடிச்சு இழுத்து முன்னாடி விட்டிருக்க வேணாமா?” என்று கேட்டேன்.

“அழிச்சது என் கைதானேக்கா” என்றான்.

அதோடு என் வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்தான். முன்னறையில் ஒரு பாதி என்னுடையது. நான் ஆர்டர் எடுத்து கேக் செய்து கொடுப்பவள். கேக் சுடும் ஓவன், மாவு மூட்டை, சர்க்கரை டப்பா, எடை பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசு எல்லாம் அந்தப் பக்கம். இந்தப் பக்கம் அவனுடைய மேஜையும் கட்டிலும். ஒரு வருஷம் அந்தக் கட்டிலில் கிடந்தான். ஸ்க்ரூடிரைவரைக் கையால் தொடவில்லை. கேட்டால், “தொட பயமா இருக்குக்கா, மறுபடி எதையாவது அழிச்சிட்டேன்னா?” என்பான். என் வீட்டுக்காரர், “விடு, அவனா எந்திரிச்சு வருவான்” என்பார். அவருக்கு ‘விடு’ என்ற ஒரு வார்த்தையை விட்டால் வேறு வார்த்தை தெரியாது. நான் விடவில்லை. விடாமல் காலையும் மாலையும் அர்ச்சனை செய்தேன்.

அப்படியிருக்கும்போதுதான் காது பரிசோதனை நிலையத்திலிருந்து ஆள் வந்தது. அங்கே இருக்கும் காது டாக்டரம்மா என்னிடம் கேக் வாங்குபவர். கைக்குழந்தைகளுக்குக் காது கேட்கிறதா என்று சோதிக்கும் கருவி ஒன்று அங்கே இருக்கிறது. அதை ஒரு பழைய கம்ப்யூட்டரோடு இணைத்திருக்கிறார்கள். இணைக்கும் அட்டை, பழைய மதர்போர்டில் மட்டுமே இருக்கிற நீளமான வெள்ளைச் சொருகியில்தான் உட்காரும். புதுக் கம்ப்யூட்டரில் அந்தச் சொருகியே கிடையாது. அந்தப் பழைய கம்ப்யூட்டரில் ஓ.எஸ். கெட்டுப்போய்விட்டது. மூன்று பேர் வந்து புதிதாகப் போட்டுப் பார்த்துக் கையை விரித்துவிட்டார்கள்.

டாக்டரம்மா நேராகவே சொன்னார். “சனிக்கிழமை ஹெட் ஆபீஸ்ல இருந்து வர்றாங்க. அதுக்குள்ள இது ஓடிச்சுன்னா எங்க ஆறு கிளைக்கும் மெஷின் பாத்துக்க உங்க தம்பியையே நிரந்தரமா போட்டுடலாம். நான் பேசிட்டேன். ஓடலன்னா தூக்கிப் போடச் சொல்லிடுவாங்க.”

நிரந்தர வேலை. அதைவிட, அவன் கை மறுபடி வேலை செய்யும். எனக்கு வேண்டியது அதுதான். திங்கள்கிழமை காலையில் அந்தப் பெட்டி வந்து இறங்கியதும் நான் அவன் கட்டிலிலிருந்து தலையணையை உருவி எறிந்தேன். “எந்திரிடா. ஆறு நாள் இருக்கு. இதை மட்டும் நீ கோட்டை விட்டே, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்” என்றேன்.

எழுந்தான். பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். மூடியைத் திறந்து தூசி ஊதினான். மின்சாரம் கொடுத்ததும் திரையில் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி வந்தது. அவன் முகத்தில் சின்னதாக ஒரு வெளிச்சம்.

“பேட்டரி செத்திருக்குக்கா. போர்டுல ஒரு காசு சைஸுக்குப் பேட்டரி இருக்கும். கரண்ட் போனாலும் தேதியையும் செட்டிங்கையும் ஞாபகம் வெச்சுக்கறது அதோட வேலை. முதல்ல அதை மாத்தணும்.”

செத்த பேட்டரியைக் கழற்றி அலமாரி மேலே இருக்கும் தகர டப்பாவில் போட்டான். அது அவனுடைய சட்டம். இந்த வீட்டில் எந்தப் பேட்டரி செத்தாலும் குப்பைக்கூடையில் போடக்கூடாது, மண்ணுக்கு விஷம், அவன் மேஜையில் வைத்துவிட வேண்டும், அவன் டப்பாவில் சேர்ப்பான். பிறகு முனைக்கடைக்குப் போய்ப் புதுப் பேட்டரி வாங்கி வந்தான். அந்த முனைக்கடைக்காரர் ஒரு தனிப் பிறவி. எவனோ எப்போதோ பழைய பல்பைக் கொண்டுவந்து மாற்றிக் கேட்டுச் சண்டை போட்டான் என்று, அன்றிலிருந்து விற்கிற எல்லாவற்றிலும் கறுப்பு மார்க்கரால் தேதி எழுதித்தான் கொடுப்பார். நகத்தளவு பேட்டரியிலும் எழுதுவார். தெருவே அவரிடம்தான் வாங்குகிறது, அதனால் என் வீட்டுச் சாமான் எல்லாவற்றிலும் அவர் கையெழுத்து இருக்கும்.

பேட்டரி இருந்த குட்டிக் கவரை மேஜையில் வைத்துவிட்டு நிதானம் மறுபடி வெளியே போனான். அந்தப் பழைய பெட்டி பென் டிரைவிலிருந்து கிளம்ப மாட்டேன் என்றது. யாரோ நண்பனிடம் டிவிடி டிரைவ் இருக்கிறது, வாங்கி வருகிறேன் என்றான்.

அன்றைக்கு எனக்கு ஒரு ஆபீஸ் ஆர்டர். இரண்டு பெரிய கேக், முப்பது சின்னது. ஓவன் சூடாகிக்கொண்டிருக்கிறது, சர்க்கரையைத் தராசில் கொட்டுகிறேன், தராசில் எண் காணாமல் போய்விட்டது. தட்டினேன், குலுக்கினேன், திட்டினேன். பேட்டரி தீர்ந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் தம்பி மேஜையில் அதே காசு சைஸில் ஒன்று கவருக்குள் இருக்கிறது. எடுத்துத் தராசில் போட்டேன். எண் வந்தது. தராசிலிருந்து கழற்றியதை அவன் சட்டப்படியே அந்தக் கவருக்குள் போட்டு, அவன் மேஜையில் இருந்த இடத்திலேயே வைத்தேன். அரை நிமிஷ வேலை.

அவன் திரும்பி வந்த கொஞ்ச நேரத்தில் என் ஸ்டூலைக் காணோம். பார்த்தால் அவன் அதன்மேல் வயர்களைப் பரப்பி வைத்திருக்கிறான். “நான் என்ன நின்னுக்கிட்டே கேக் போடறதா? வீடு முழுக்க உன் வயர்தானா?” என்று பிடித்துக்கொண்டேன். அரை மணி நேரம் அந்தச் சண்டைதான். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவன் கவரைப் பிரித்துப் பேட்டரியைப் பொருத்தியதை நான் கவனிக்கவில்லை. பேட்டரி என்ற பேச்சே என் மண்டையிலிருந்து போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை முழுவதும் அந்தப் பெட்டி ஆட்டம் காட்டியது. முதலில் டிஸ்க்கே இல்லை என்றது. பயாஸ் என்று ஒரு நீலத்திரை வருமே, அதற்குள் போய், டிஸ்க்கோடு பேசும் முறையை மாற்றினான். டிஸ்க் தெரிந்தது. அடுத்து, ஓ.எஸ். ஏறிக்கொண்டே வந்து முப்பத்தேழு சதவீதத்தில் நின்றுவிட்டது. மறுபடி போட்டான். மறுபடி முப்பத்தேழு. நான் அந்த எண்ணைப் பார்த்துப் பல்லைக் கடித்தேன். அவன் ராம் சில்லுகளைக் கழற்றி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற அழிரப்பரை எடுத்து, அவற்றின் மஞ்சள் பற்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தான்.

“அடேய், கம்ப்யூட்டரை ரப்பர் வெச்சா சரி பண்ணுவாங்க?”

“அழுக்கு போகணும்ல?”

அழுக்கு போனது. முப்பத்தேழு போய் நூறும் வந்தது. சாயங்காலம் அந்த அட்டையைச் சொருகி, அதற்கான டிரைவர் சாஃப்ட்வேரைப் போட்டு, பெரிய ஹெட்போனை என் காதில் மாட்டினான். “சத்தம் கேட்டா கையைத் தூக்கு” என்றான். தூரத்தில் கொசு பாடுவது போல மெல்லிசாக ஒன்று கேட்டது. கையைத் தூக்கினேன். இடது காதில் கேட்டது, இடது கை. வலது காதில், வலது கை. அவன் ஒரு வருஷத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்க ‘வயரை எல்லாம் எடுத்து வை’ என்று கத்தினேன். எதிர்வீட்டுக்காரியிடம், பால்காரரிடம், முனைக்கடைக்காரரிடம், எல்லோரிடமும் என் தம்பிக்கு வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லியாகிவிட்டது.

கடைசித் தட்டு ஓவனிலிருந்து இறங்கியதும் முன்னறை மெயினை அணைத்தேன். தினமும் அணைப்பேன். நாலு வருஷத்துக்கு முன்னால் ஓவன் வயர் எரிந்து சுவரெல்லாம் கரியானது. அன்றிலிருந்து சாயங்காலம் மெயின் இறங்காமல் எனக்குச் சோறு இறங்காது.

புதன்கிழமை காலையில் பெட்டியைப் போட்டால், திரையில் நாலு வரி வெள்ளை எழுத்து வந்து, சுற்றிச் சுற்றி அணைந்து அணைந்து எரிந்தது. ஓ.எஸ். கிளம்பவில்லை. டிஸ்க்கில் கோளாறாக இருக்கும் என்று நிதானம் நோட்டில் எழுதியிருந்த வரிசைப்படியே, நீலத்திரைச் செட்டிங்கிலிருந்து தொடங்கி முழுவதையும் மறுபடி போட்டான். சாயங்காலம் கொசு பாடியது. மெயினை இறக்கினேன். வியாழக்கிழமை காலையில் அதே வெள்ளை எழுத்து.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. “ராத்திரியோட ராத்திரியா இதுக்கு யார்டா செய்வினை வைக்கறது?” என்று பெட்டியையே ஓங்கித் தட்டினேன். அவன் என் கையைப் பிடித்து விலக்கிவிட்டு நீலத்திரைக்குள் போய்ப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

“செட்டிங் பழையபடி மாறியிருக்குக்கா. தேதியும் போச்சு. கரண்ட் போனதும் எல்லாத்தையும் மறந்துடுது.”

“அதுக்குத்தானே புது பேட்டரி போட்டே?”

“அதான் புரியல.”

அன்று சாயங்காலம், “மெயினை இன்னைக்கு ஒருநாள் அணைக்காம விட்டுடேன்” என்று கேட்டான். கரிச்சுவரைக் காட்டினேன். “சரி விடு, அங்கயும் சாயங்காலம் அணைக்கத்தான் செய்வாங்க” என்று அவனே சொல்லிவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் முட்டை அடித்துக்கொண்டிருந்தேன். அவன் நோட்டை விரித்து வைத்து, திங்கள்கிழமையிலிருந்து ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டிக்கொண்டு வந்தான். பிறகு என் பக்கம் திரும்பி, தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“இன்னொரு பேட்டரி வாங்கிப் போட்டுப் பாக்கவாக்கா?”

இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. அன்றைக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“புத்தி கித்தி கெட்டுப்போச்சா உனக்கு? திங்கட்கிழமைதானே புதுசு வாங்கினே? நாலு நாள்ல பேட்டரி சாகுமா? வேலை தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. சும்மா சும்மா கடைக்கு நடந்து நேரத்தைக் கழிக்கப் பாக்காதே. நாளைக்குச் சனிக்கிழமை. எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன், என் மானத்தை வாங்காதே!”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “இல்ல, நீ சொல்றதும் சரிதான். பேட்டரி புதுசுதான்” என்றான். கடைக்குப் போகவில்லை. நோட்டில் ஏதோ எழுதினான். கொஞ்ச நேரம் கழித்து, “அப்ப போர்டுதான். போர்டே சாகுது” என்றான்.

அந்த ஜாதி போர்டு இப்போது எங்கேயும் கிடைக்காது என்றும் சொன்னான். ஆனாலும் விடுவேனா? “டேய், காலையில ஒரு தடவை உள்ள போய் செட்டிங்கை மாத்திட்டா ஓடுதுல்ல? நாளைக்கு அவங்க வர்றதுக்கு முன்னாடி மாத்திடு. ஓட்டிக் காட்டு. வேலையில சேரு. அப்புறம் மெதுவா பாத்துக்கலாம்” என்றேன். அவன் பெட்டியின் மூடியை எடுத்து மாட்டத் தொடங்கினான். அதுவே சம்மதம் என்று நானே முடிவு கட்டினேன்.

சனிக்கிழமை நானும் போனேன். ஹெட் ஆபீஸ்காரருக்காக ஆரஞ்சு கேக் ஒன்று செய்து எடுத்துப் போனேன். தடித்த ஆள், கோட்டு போட்டிருந்தார். நிதானம் செட்டிங்கை மாற்றினான், ஓ.எஸ். கிளம்பியது, டாக்டரம்மா ஹெட்போனை மாட்டிப் பார்த்து முகம் மலர்ந்தார். கோட்டுக்காரரும் தலையாட்டினார். முடிந்தது, வேலை கையில் வந்துவிட்டது என்று நான் மூச்சு விட்டேன். அப்போது இந்த மகானுபாவன் வாயைத் திறந்தான்.

“மேடம், ஒண்ணு சொல்லணும். இப்ப ஓடுது. ஆனா இதை நம்பாதீங்க.”

“ஏன்? நல்லாத்தானே இருக்கு?”

“புது பேட்டரி போட்டும் போர்டு எதையும் ஞாபகம் வெச்சுக்க மாட்டேங்குது. கரண்ட் எடுத்தா மறந்துடுது. இன்னைக்குச் செட்டிங்கை மறக்குது, நாளைக்கு ஒரு குழந்தையை உக்கார வெச்சுட்டு இருக்கும்போது தப்பா காட்டினா? கேக்குற காதைக் கேக்கலன்னு சொல்லிடுச்சுன்னா? என்னால ‘சரியாயிடுச்சு’ன்னு சொல்ல முடியல மேடம்.”

நான் பின்னாலிருந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. டாக்டரம்மா முகத்தில் ஈயாடவில்லை. கோட்டுக்காரர் என் கேக்கை மென்றுகொண்டே சொன்னார்.

“அப்ப தூக்கிப் போட்டுடலாம். புது மெஷின் வாங்கினா கம்பெனிக்காரங்களே ஆள் அனுப்பிப் பாத்துக்குவாங்க. தனியா ஒரு ஆள் எதுக்கு?”

இரண்டு துண்டு தின்றுவிட்டார் அந்த மனிதர். மீதியை அங்கே வைக்க எனக்கு மனசு வரவில்லை, டப்பாவோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

திரும்பி வருகிற வழியெல்லாம் அவனை நார் நாராகக் கிழித்தேன். பிழைக்கத் தெரியாதவன், வாயில்லாப் பூச்சி, வாய் இருந்தாலும் தன் வாயில் தானே மண்ணைப் போட்டுக்கொள்கிறவன் என்று என்னென்னவோ சொன்னேன். “கோபம்னு ஒண்ணு உனக்கு உள்ள இருக்கா இல்லையாடா? அந்தச் சூப்பர்வைசர் மேல வரல, இந்தக் கோட்டுக்காரன் மேல வரல, என்னைக்குத்தான் வரும்?” என்றேன்.

“யார் மேலக்கா கோபப்படறது? என் கையில வந்து சாகுறது இது ரெண்டாவது. முதல்ல டிஸ்க்கு, இப்ப போர்டு.”

வீட்டுக்கு வந்ததும் ஸ்க்ரூடிரைவர், மல்டிமீட்டர், அழிரப்பர், நோட்டு எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுப் பரண்மேல் ஏற்றிவிட்டான். அடுத்த வாரம் ஒரு வணிக வளாகத்தில் வேலைக்குப் போனான். கார் வந்தால் கம்பியைத் தூக்க வேண்டும், போனால் இறக்க வேண்டும். “இதுல யாருக்கும் எதுவும் அழியாதுக்கா” என்றான். நான் அவனிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டேன். தண்ணி தெளித்து விட்டாயிற்று என்று எதிர்வீட்டுக்காரியிடம் சொன்னேன்.

மூன்று மாதம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தராசின் கால் ஒன்று கழன்றுவிட்டது. மாவு வைத்தால் எண் குதிக்கிறது. “இந்த வீட்டுல ஒரு சாமான் உருப்படியா இருக்கா?” என்று கத்தினேன். கட்டிலில் உட்கார்ந்திருந்த நிதானம் எழுந்து வந்தான். தராசைத் தலைகீழாகக் கவிழ்த்து, காலைப் பொருத்துவதற்காகப் பேட்டரி மூடியைக் கழற்றினான். உள்ளிருந்த பேட்டரியை எடுத்தான். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தான். பரணிலிருந்து பெட்டியை இறக்கி, நோட்டை எடுத்துப் புரட்டினான். பிறகு மல்டிமீட்டரை எடுத்து அந்தப் பேட்டரியை அளந்தான்.

“அக்கா, இதை எங்கருந்து எடுத்தே?”

“எதை? பேட்டரியா? உன் மேஜையில ஒரு கவர்ல இருந்துச்சு, அதைத்தான் எடுத்துப் போட்டேன். பழசை அந்தக் கவர்லயே வெச்சேனே. நீதானே குப்பையில போடாதே, என் மேஜையில வெச்சிடுன்னு...”

சொல்லிக்கொண்டு வரும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

தராசிலிருந்த பேட்டரியில் மார்க்கரால் எழுதியிருந்த தேதி அந்தத் திங்கள்கிழமை. நான் கவரில் போட்டு வைத்த செத்த பேட்டரியும் அதே முனைக்கடையில் வாங்கியதுதான், அதிலும் ஏதோ ஒரு பழைய தேதி மார்க்கரால் எழுதியிருந்திருக்கிறது. கறுப்பு எழுத்தைப் பார்த்திருப்பான், தேதியைப் படித்திருக்க மாட்டான். கடையிலிருந்து தான் வாங்கிக் கவரோடு வைத்த பேட்டரியை எந்த மெக்கானிக் அளந்து பார்ப்பான்? புதுசு போட்டாயிற்று என்று நோட்டில் எழுதிவிட்டான். அதற்குப் பிறகு அவன் யோசித்ததெல்லாம் சரிதான், அந்த ஒரு வரியைத் தவிர.

“போர்டு நல்லாத்தான் இருந்துச்சு” என்றான். முதலில் மெதுவாகச் சொன்னான். பிறகு அவன் குரல் ஏறியது. நாற்பத்தொரு வருஷத்தில் நான் கேட்டிராத குரல்.

“இன்னொரு பேட்டரி வாங்கிப் பாக்கவான்னு உன்கிட்ட கேட்டேனா இல்லையா? கேட்டேனா? சொல்லு! கேட்டப்ப என்ன சொன்னே? நேரத்தைக் கழிக்கப் பாக்கறேன்னு சொன்னே! வேலை தெரியலன்னு சொன்னே! மூணு மாசமா, மூணு மாசமாக்கா, இந்தக் கையை நான் நம்பல. ஒரு பல்பு மாத்தக்கூட பயந்தேன். நீ ஒரு வார்த்தை, ‘நான் எடுத்தேன்டா’ன்னு ஒரே ஒரு வார்த்தை... வாய் ஓயாம பேசறியே, நாள் முழுக்கப் பேசறியே, அந்த ஒரு வார்த்தை மட்டும் உன் வாயில வரலையா?”

என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து ஓடி வந்தார். அவர் வாயில்கூட ‘விடு’ வரவில்லை. கோபப்படு, கோபப்படு என்று அவனைப் பிடுங்கியவள் நான்தானே? வந்துவிட்டது. அதைப் பார்த்து நான் நடுங்கிப் போனேன்.

கதவைத் திறந்துகொண்டு போய்விட்டான். நான் வாசலுக்கு ஓடினேன். தெருமுனை வரைக்கும் ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தான். குனிந்து பார்த்தால் அவனுடைய செருப்பு இரண்டும் வாசலிலேயே கிடந்தன.

நேராகக் காது பரிசோதனை நிலையத்துக்குத்தான் போயிருக்கிறான். அங்கே அந்தப் பெட்டி இல்லை. டாக்டரம்மாவுக்கு வீட்டிலிருந்தே போன் போட்டுக் கேட்டிருக்கலாம், ஆனால் அதெல்லாம் அவனுக்குத் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்று கதவு பூட்டியிருந்ததால் காவலாளியிடம் கேட்டிருக்கிறான். அந்த வாரமே பழைய சாமான்காரன் வண்டியில் ஏற்றிப் போய் உடைத்துப் போட்டுவிட்டான் என்று சொல்லியிருக்கிறார். சாயங்காலம் வந்தான். பாதமெல்லாம் புழுதி. நான் வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். “மன்னிச்சிடுடா” என்று சொன்னேன். அந்த வார்த்தை எனக்குப் பழக்கமில்லை, சரியாக வரவில்லை. அவன் காலைக் கழுவிக்கொண்டான்.

அடுத்த வாரம் கம்பி தூக்குகிற வேலையை விட்டான். இரண்டு தெரு தள்ளி ஒற்றை அறை ஒன்றைப் பார்த்துக்கொண்டு, கட்டிலையும் மேஜையையும் தகர டப்பாவையும் எடுத்துக்கொண்டு போனான். இப்போது அங்கே ஆள் வரிசையில் நிற்கிறது என்கிறார்கள். மற்ற மெக்கானிக்குகள் கைவிட்ட பழைய பெட்டிகளெல்லாம் அவனிடம்தான் வருகின்றன. யாராவது அவசரப்படுத்தினால் இப்போதெல்லாம் முகத்துக்கு நேரே கத்துகிறானாம். ‘நிதானம்’ என்று கூப்பிடவே பயமாக இருக்கிறது என்று பால்காரர் சொன்னார். எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

என்னோடு பேசுகிறான். பேசாமல் இல்லை. கூப்பிட்டால் வருகிறான், சாப்பிட்டுவிட்டுப் போகிறான். போன வாரம் தராசில் மறுபடி எண் மறைந்துவிட்டது. சொல்லி அனுப்பினேன். மல்டிமீட்டரோடு வந்தான். முனைக்கடைப் பேட்டரியைக் கவரிலிருந்து எடுத்து, என் கண் முன்னாலேயே வைத்து அளந்தான். மூன்று புள்ளி இரண்டு வோல்ட், புதுசுதான். அந்த எண்ணை நான் பார்க்கும்வரைக்கும் மீட்டரை என் பக்கம் திருப்பிப் பிடித்தான். பிறகு தராசில் போட்டு மூடினான்.

“பழசை வேணா இங்க வெச்சிட்டுப் போடா, நான் பாத்துக்கறேன்” என்றேன்.

“வேணாம்க்கா” என்றான். செத்த பேட்டரியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.